மிதக்காதது

எமரால்டு அணையின் மேற்குக் கரை.
தண்ணீர் இறங்கிச் சேறு வெடித்திருந்த மாசி மாதம்.
வர்க்கியை நொறுக்கி ராகிமாவில் பிசைந்து
நெல்லிக்காய் அளவு உருட்டிப் போட்டிருந்தோம்.
இரண்டரை மணி நேரம் ஒன்றுமில்லை.
துஷ்யந்தன் கணக்குப் பரீட்சையைப் பற்றி
ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தான்.
பாதிப் பொய்யில்
தூண்டில் கம்பு கவட்டையை விட்டுக் கிளம்பியது.

பிடித்தவள் நான்.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
ஊரில் அவன் வேறுமாதிரி சொல்கிறான்.

நாற்பது நிமிடம்.
நடு அணைக்கு இழுத்துப்போய்
முங்கிக்கிடந்த கற்பூர மரக்கட்டையடியில்
படுத்துக்கொண்டு வரமாட்டேன் என்றது.
தங்கூசி விரலை அறுத்தது.
கரையருகே முதல்முறை புரண்டபோது
கம்பளி போர்த்திய யாரோ
தண்ணீருக்குள் திரும்பிப் படுத்ததுபோல் இருந்தது.

கண்ணாடிக் கெண்டை.
உடம்பெல்லாம் செதில் இல்லை.
விலாவில் மட்டும் ஏழெட்டு,
ஒவ்வொன்றும் பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிது,
அவசரத்தில் யாரோ ஒட்டிவிட்டுப் போனவை.

உருளைக்கிழங்கு மண்டித் தராசில்
பதினொன்று எண்ணூறு.
ஈரச் சாக்கைக் கழித்தால் பதினொன்று இருநூறு.
துஷ்யந்தன் வாய் திறந்து மூடியது.
மீனுக்கும் அதே.

போன வருஷம் ஐந்து கிலோவில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு
லைன் லைனாய் ஊர்வலம் போனோம்.
குழம்பு சேறாய் நாறியது.
நாய்கூட முகர்ந்துவிட்டுத் தள்ளிப்போய்ப் படுத்தது.
மூன்றாம் நாள் குப்பைமேட்டில் அதன் தலை,
மீசையோடு,
பஸ்ஸுக்கு நின்ற எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.
அதற்கப்புறம் ஒப்பந்தம்: பெரிசு என்றால் விட்டுவிடுவது.

சொல்லும்போது சுலபம்.

"மெஸ்காரர் கிலோ நூத்தியெம்பது தருவாரு" என்றான்.
நானும் பெருக்கினேன், மறைக்கவில்லை.
இரண்டாயிரத்துப் பதினாறு.
எனக்கு ஸ்வெட்டர், அவனுக்கு ஷூ,
மிச்சத்தில் பரோட்டா.

முள்ளை முன்பே நசுக்கி வைத்திருந்தும்
கொக்கி மேலண்ணத்தில் ஆழமாய்ப் போயிருந்தது.
இருந்தது ஸ்கூட்டர் டூல்பாக்ஸ் குறடு, கிரீஸ் நாற்றத்தோடு.
நனைத்த கேரட் சாக்கில் கிடத்தி
கண்ணை என் ஷாலால் மூடினேன்.
ஷாலை நனைக்க மறந்தேன்.
வழவழப்பு கொஞ்சம் துணியோடு வந்துவிட்டது.
அது என் தப்பு.

"போட்டோ?"
போனில் மூன்று சதவீதம்.
தூக்கினான். நழுவியது.
குழந்தை கட்டிலிலிருந்து விழுகிற சத்தம்.
படத்தில் இருப்பது அவன் முழங்காலும் வானமும்.

தண்ணீரில் விட்டோம்.
வெள்ளை வயிறு மேலே வந்தது.

விடுவது என்றால்
கையை எடுப்பது என்று நினைத்திருந்தேன்.
கையை எடுத்தால் சாய்கிறது.
இடுப்பளவு தண்ணீரில் இறங்கி
வயிற்றடியில் ஒரு கை, வாலடியில் ஒரு கை,
நிமிர்த்திப் பிடித்தபடி நின்றேன்.
செவுள் திறந்தது.
வெகுநேரம் கழித்து இன்னொருமுறை.
கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தது.
அவன் மாற்றிப் பிடித்தான்.
பிடித்தபடியே, என்னைப் பார்க்காமல்,
பரீட்சையில் பன்னிரண்டு மார்க் என்றான்.
மீனிடம்தான் சொன்னான் போல.
நான் கேட்காதமாதிரி
சீகைப்பூத் தூள் மிதந்துவருவதைப் பார்த்தேன்.

மறுபடி என் முறையில்
வால் மணிக்கட்டை ஒரே ஒருமுறை அடித்தது.
நீந்திப்போனது என்று சொல்லமாட்டேன்.
கீழே இறங்கியது.
அவ்வளவுதான் பார்த்தேன்.

மறுநாள் பள்ளிக்கு முன்னால் கரை முழுக்க நடந்தோம்.
ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல், பூச்சிமருந்து டப்பா.
அதற்கு மறுநாளும்.
வெள்ளையாய் எதைக் கண்டாலும் வயிறு பிசைந்தது.
ஒருநாள் அது உரச்சாக்கு,
ஒருநாள் வெறும் வெயில்.
பன்னிரண்டு நாள் எதுவும் மிதக்கவில்லை.
பதின்மூன்றாம் நாள் அவன் வரவில்லை.
நான் பாதிவழி போய், டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போது அவன் பதினைந்து கிலோ என்கிறான்,
பஸ் ஸ்டாண்டில், கையை அகல விரித்து.
நான் திருத்துவதில்லை.
உயிரோடு இருந்தால்
வளர்ந்துமிருக்கும்.