இரண்டு விரல் அகலம்

கயாவோவில் மே முதல் நவம்பர் வரை
வானம் இல்லை.
இருப்பது கழுதையின் அடிவயிறு;
எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.
சாம்பல் நிறம், ஈரம், கைக்கெட்டும் தாழ்வு.
மழையாகவும் விழாது, விலகியும் போகாது.

விடியவிடியத் திறந்திருக்கும் மருந்துக்கடையில்
கம்பிக்குப் பின்னால் நான்.
இருமல் மருந்து கேட்டவருக்கும் ஆணுறை கேட்டவனுக்கும் இடையே
யாரும் வராத மூன்று மணி.
இருப்புக் கணக்குப் பார்க்கும் கணினியில்
ஒரு கோளரங்கத்தை இறக்கி வைத்திருக்கிறேன்.
முதலாளி பாஸ்குவாலுக்குத் தெரியாது.
'வரி' என்று பெயரிட்ட கோப்புறைக்குள்
அண்டம் முழுவதும் இருக்கிறது.

ஒரு விசையைத் தட்டினால் மேகம் போகிறது.
இன்னொன்றைத் தட்டினால் காற்றே போகிறது,
நண்பகலிலும் விண்மீன் தெரிகிறது.
காற்றை அணைக்க ஒரு பொத்தான்!
ஆஸ்துமாக்காரிக்கு அது கொஞ்சம் அதிகம்.

நான் தேடுவது ஒரே ஓர் இரவை.
எண்பத்தொன்பது, கோடை.
மலையில் மின்கோபுரத்தை வெடிவைத்துச் சாய்த்தார்கள்.
திரியைக் கிள்ளினாற்போல் நகரம் அணைந்தது.
மொட்டைமாடியில் நானும் தம்பி எடில்பெர்ட்டோவும்,
காயப்போட்ட துணிகளுக்கு நடுவே.
தெற்கே, பாதி உயரத்தில், ஒரு வெளிச்சம்.
நட்சத்திரம் என்றேன்.
ஹெலிகாப்டர் என்றான். அசைகிறது பார் என்றான்.
நீதான் அசைகிறாய் என்றேன்.
பந்தயம் ஒரு குப்பி மஞ்சள் சோடா.
காலைக்கும் மாலைக்கும் இடையே விலை ஏறிக்கொண்டிருந்த காலம்.
ஜெயித்தது யாரென்று தெரிவதற்குள்
அந்தப் பணமே செல்லாமல் போயிற்று.

தேதி நினைவில்லை.
ஜனவரிக் கடைசியா, பிப்ரவரியா,
ஒவ்வோர் இரவாக ஓட்டிப் பார்த்தேன்.
எல்லா இரவிலும் நின்றது,
நாளுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்டு,
அதே வெள்ளை, அதே தெற்கு.
கனோப்பஸ் என்கிறது திரை.
பெயர்ப் பட்டியலில் இன்னும் கீழே இறங்கினால்
எங்கோ ஒரு தேசத்தில் அது ஒரு குள்ள முனிவனாம்,
கடலைக் குடித்தவனாம்.
துறைமுகத்தில் வாழ்கிறவளுக்கு நம்பக் கஷ்டமில்லை.
எங்கள் கடலென்றால் டீசல் நாறியிருக்கும், பாவம்.

ஆக, ஜெயித்தது நான்.
தம்பிக்குச் செய்தி தட்டப் போனவள்
விரலை மடக்கிக்கொண்டேன்.
ஆயிரம் வருடத்துக் கிரகணம் இதற்குத் தெரியும்.
ஹெலிகாப்டர் தெரியாது.
அன்றிரவு எந்த வீட்டைத் தேடி
எந்த விளக்கு சுற்றியது என்று
இதில் எழுதியிருக்காது.
மறுநாள் பக்கத்துத் தெருவில்
தையல்காரர் ருஃபீனோ வீட்டுக் கதவு
திறந்தே கிடந்தது.
அந்தக் கதவை நாங்கள்
பந்தயத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை.

எடில்பெர்ட்டோ இப்போது பேட்டர்சனில்,
வடக்கே, வெகு வடக்கே, நியூ ஜெர்சியில்
கோழி சுட்டு விற்கிறான்.
தேதியைத் தொடாமல் ஊரை மட்டும் மாற்றினேன்.
வானம் ஒரு பக்கமாய்ச் சரிந்தது.
அவன் தெற்கில் அந்த வெளிச்சம் இல்லை.
மணியை உருட்டினேன், பிறகு மாதத்தை, பிறகு வருடத்தை.
அங்கே அது உதிப்பதே இல்லை.
இருபத்திரண்டு வருடமாய்க் கண்ணில் படாததை
ஹெலிகாப்டர் என்று அவன் சொன்னால்தான் என்ன?

இன்னும் ஒரு விசை மிச்சம்: தரையை நீக்கு.
தட்டினேன்.
பேட்டர்சனின் மரங்கள் போயின, மண் போயிற்று.
இருந்தது.
கையை நீட்டிப் பிடித்தால்
அடிவானத்துக்கு இரண்டு விரல் அகலம் கீழே,
அவ்வளவே.

கம்பியைத் தட்டும் சத்தம்.
கப்பலில் சரக்கு இறக்கிவிட்டு வந்தவர்,
பாராசிட்டமால், இரண்டு போதும் என்று
சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார்.
திரையை மாற்ற மறந்துவிட்டேன்.
என் தோளுக்கு மேலாக வெகுநேரம் பார்த்தார்,
பிறகு தன் காலைப் பார்த்தார்.
தரை எங்கே என்றார்.