தட்டுக்கு அடியில் ஈரத்துணி

கச்சான் பிடித்து ஆறாம் நாள்.
உவரிக் கரையில் வள்ளங்கள் மேடேறிக் கிடக்கின்றன.
கறிக்கு மீன் இல்லை. கருவாடும் தீர்ந்தது.
மணல் மட்டும் சன்னல் வழி வந்து
அரிசிப் பானையைத் தேடுகிறது.

"இன்னைக்கு நான் ஆக்குதேன்" என்றார் இவர்.
ஒன்பது மாதம் கப்பலில் கிடந்துவிட்டு
வந்து பதினோரு நாள்.
இன்னும் விருந்தாளி மாதிரி
கேட்டுக் கேட்டுத்தான் தண்ணீர் குடிக்கிறார்.

பெட்டிக்குள் காலுறைகளுக்கு நடுவிலிருந்து
ஐந்து டப்பா எடுத்தார்.
மேலே நீலமாக மீன் படம்.
"என்ன மீன்?"
"டூனா."
"அப்படின்னா?"
"சூரை."

என் அப்பா சூரை விற்ற காசில் போட்ட கம்மல்
காதில் ஆட ஆடச் சிரித்தேன்.
சூரை குவிகிற கரைக்குச்
சூரையை டப்பாவில் அடைத்துக்
கொண்டு வந்திருக்கிறார் மனுஷன்,
அதுவும் கஸ்டம்ஸ் தாண்டி.

திறக்கிற சாமான் எதுவும் வீட்டில் கிடையாது.
துவைக்கிற கல்லில் டப்பாவைக் கவிழ்த்து
வட்டம் வட்டமாகத் தேய்த்தார்.
விளிம்பு வெளுத்து, ஓரம் கசிந்து,
ஒரே அழுத்தலில் மூடி கழன்றது. இப்படி மூன்று.
"நெஸ்டர் சொல்லித் தந்தது."
நெஸ்டர் கப்பல் சமையல்காரன். பிலிப்பைன்ஸ்.
முதல் நாள் அவன் 'சுக்கா, சுக்கா' என்றதும்
இவருக்கு எச்சில் ஊறிவிட்டதாம்.
கடைசியில் அவன் நீட்டியது வினிகர் பாட்டிலை.
அவன் பாஷையில் காடிக்குப் பெயர் சுக்கா.

சோயா சாஸுக்கு எங்கே போக?
பஸ் ஸ்டாண்டு பிரைட் ரைஸ் கடைக்கு
தூக்குச்சட்டியோடு போய் நின்றார்.
"சாஸ் மட்டும் தனியாவா?"
ஏற இறங்கப் பார்த்துப்
பத்து ரூபாய்க்கு ஊற்றினானாம் பையன்.

பூண்டு ஒரு கை, நசுக்கி, சிவக்க.
வினிகர் ஊற்றினால் கிளறக் கூடாதாம்.
கொதி வரும் முன்னே கரண்டி பட்டால்
பச்சைப் புளிப்பு போகவே போகாதாம்.
நான் நீட்டிய கரண்டியைத் தட்டிவிட்டார்.
கல்யாணமாகி ஏழு வருஷம்;
என் அடுப்பில் என் கையை ஒருத்தர் தட்டியது
இதுதான் முதல் தடவை.

முழு மிளகு. பிரியாணி இலை.
ஒரு துண்டு கருப்பட்டி.
அது நான் போட்டது, அவர் பார்க்கவில்லை.
பிறகு மீன், உடையாமல், மெதுவாக.

அப்போதுதான் கவனித்தேன்.
வலது கை கரண்டியில்.
இடது கை சட்டியின் காதை விடவே இல்லை.
இடுப்பை மேடையில் முட்டுக்கொடுத்து
கால்களை அகட்டி நிற்கிறார்,
அசையாத தரையில்.
வினிகர் பாட்டிலை வைக்கிறார்,
இரண்டு டின்களுக்கு நடுவே இறுக்கி.

சாப்பிட உட்காரும்போது
ஒரு துணியை நனைத்துப் பிழிந்து
பிளாஸ்டிக் மேசையில் விரித்து
அதன்மேல் தட்டுகளை வைத்தார்.
"எதுக்கு?"
யோசித்தார்.
"வழுக்காம இருக்க" என்றார்.
பிறகு அவருக்கே வெட்கமாகித்
துணியை உருவப் போனார்.
"இருக்கட்டும்" என்றேன்.

வாசனைக்கு வந்து சேர்ந்தான் அண்ணன் ததேயு,
கடலுக்குப் போகாத ஆறு நாள் தாடியோடு.
"என்ன கறி மச்சான்?"
"அடோபோ."
ஒரு வாய் தின்றுவிட்டுச் சொன்னான்:
"செத்து ரெண்டு வருஷமான சூரையைக்
காடியில போட்டு எழுப்பிருக்கீரு."
மூன்று தடவை சோறு வாங்கினான்.
மகள் அனிஷ்டா மிளகைப் பொறுக்கித்
தட்டோரம் வரிசையாக அடுக்கினாள்.

சோற்றுக்கு நெஸ்டர் கூப்பிடுவது
'காயின் தாயோ' என்றாம்.
வாங்க சாப்பிடுவோம் என்று அர்த்தம்.
அனிஷ்டாவுக்கு அது பிடித்துப்போய்ப்
பூனையையும் அப்படியே கூப்பிட்டாள்.
பூனை வந்தது.

"அவன் இப்ப எங்க?"
"சிங்கப்பூர்ல இறங்குனான். வேற கப்பல்."
தட்டைப் படம் பிடித்து அனுப்பினார்.
ஒற்றை டிக்கோடு நின்றது.

ராத்திரியும் கச்சான் ஓயவில்லை.
இன்னும் இரண்டு டப்பா இருக்கிறது.
பாத்திரம் கழுவி, துணியை அலசி,
கொடியில் போடப் போனவள் போடவில்லை.
மேசைமேலேயே விரித்துவைத்தேன்,
காலைத் தட்டுகளுக்கு.