ஐந்து பொட்டு

தட்டிப் பார்த்தால் தெரியும்.
ஒட்டியிருப்பது டக்கென்று பதில் சொல்லும்.
விட்டுப்போனது கொஞ்சம் யோசித்து
டொப் என்னும்.
ஷவருக்குக் கீழே இடுப்பு உயரத்தில்
நான்கு டைல்கள் யோசிக்கத் தொடங்கி
ஆறு மாதம் ஆகிறது.

கடலூர் என்று பெயர் வைத்துவிட்டு
உப்பைக் குறை சொல்ல முடியாது.
மஞ்சக்குப்பத்தில் எங்கள் போர் தண்ணீர்
குழாயின் முகத்தை வெளுத்தது,
ஹீட்டர் காயிலை இரண்டு முறை தின்றது,
இப்போது சுவருக்கு வந்திருக்கிறது.

லாரன்ஸ் ரோட்டில் சொல்லிவைத்த ஆள் வந்தார்.
செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே பார்த்தார்.
"நாலை எடுத்தா நாப்பது வரும் மேடம்.
முழுச் சுவரும் கொத்திடலாம்.
பதினெட்டாயிரம். டைல் உங்களோடது."
நாலுக்கு மட்டும் என்றால்?
"அதுக்கெல்லாம் யாரும் வர மாட்டாங்க."
யாரும் வராத வேலை
ஒரு வீட்டில் யாருடையது என்று
எனக்குத் தெரியும்.

இம்பீரியல் ரோட்டுக் கடையில்
பசை மூட்டை இருபது கிலோதான் சின்னது.
நாலு டைலுக்கு இருபது கிலோ.
ஸ்கூட்டியின் காலடியில் ஏற்றி வைத்த பையன்
"சார் வரலையா?" என்றான்.
சார் வீட்டில்
யாரோ ஒரு வடக்கத்தி ஆள் டைல் ஒட்டும் வீடியோவை
ஒலியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை.
பழைய தோசைத் திருப்பியைச் சந்தில் விட்டு நெம்பினேன்.
முதல் டைல் சண்டையே போடாமல்
கையில் வந்துவிட்டது.
பின்னால் சிமெண்ட் முழுதாக இல்லை.
மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று,
ஐந்து பொட்டு.
மிச்சமெல்லாம் காற்று, கட்டெறும்பு,
பதிமூன்று வருடத்துச் சோப்பு வாடை.

மூன்றாவதற்குப் பின்னால்
பூச்சின் மேல் பென்சிலில் கணக்கு:

தேவநாதன் 6 நாள் 3000
அஞ்சலை 6 நாள் 1500
வரவு 3000
பாக்கி 1500

தானே புயல் அடித்த மறுவருடம் கட்டிய பாத்ரூம்.
தரைச் சரிவு தப்பு, தண்ணீர் கதவுப் பக்கம் வருது என்று
இவர் கடைசிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்.
எவ்வளவு என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை.
அந்த மூவாயிரம் யாருக்குச் சரியாகப் போயிருக்கும் என்று
இன்றைக்குக் கேட்க வேண்டியதில்லை.

அஞ்சலை.
முகம் வரவில்லை.
மணல் சலித்த சத்தம் வருகிறது.
ஒரு சாயங்காலம் பின்பக்கம் வந்து நின்று
"அக்கா, தேங்காண்ண இருக்குமா, ஒரு சொட்டு" என்று
விரல்களை விரித்துக் காட்டியது வருகிறது.
கொடுத்தேனா?
கொடுத்திருப்பேன் என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.
கையுறை வாங்க மறந்த ஒரே ஒரு காலைக்கே
எனக்கு விரலிடுக்கு எரிகிறது.

கலந்த பசை அரைமணி நேரம்தான் தாங்குமாம்.
"சீக்கிரம் ஒட்டு, இறுகிடும்,"
கதவோரம் வந்து நின்ற இவர்
எட்டிப் பார்த்தார், படித்தார்.
"அன்னிக்குச் சரிவு தப்புதானே?"
கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

மூன்றை ஒட்டினேன்.
ஒன்று ஒரு நூல் சாய்ந்திருக்கிறது.
கணக்கு இருந்த இடத்தில் மட்டும்
மளிகைக்கடைக் கவரைக் கிழித்து விரித்து
நாலு பக்கமும் டேப் போட்டேன்.
வாளியில் மிச்சம் கல்லாகிவிட்டது.

பழைய போன் டைரியில்
கேஸ் கம்பெனிக்கும் கேபிள்காரருக்கும் நடுவில்
'கொத்தனார் தேவா' இருந்தார்.
மூன்றாவது முறை எடுத்தார்.
"அஞ்சலையா? எந்த அஞ்சலைங்க?"
அவருக்குப் பின்னால் மெஷின்
எதையோ அறுத்துக்கொண்டிருந்தது.
"வேலை எதாச்சும் இருக்கா மேடம்?"
இருக்கு என்றேன்.
"எவ்ளோ இருக்கும்?"
ஒரு டைல்.
சிரித்துவிட்டார்.
"அதுக்கு எதுக்குங்க ஆளு?
நீங்களே ஒட்டிடலாம்."