கைமாற்று

இரவு பன்னிரண்டுக்குக் கம்பெனி மாறியது.
பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு நான் நீலச் சட்டை ஆள்.
ஒரு நிமிடம் கழித்து
சாம்பல்.
நடுவில் கம்ப்ரஸர் ஒரு சுற்றுகூடக் குறையவில்லை,
அதற்கு யாரும் கடிதம் தரவில்லை போலும்.

டென்னசியில், ஓக் காட்டுக்கு நடுவே,
இரும்பு உருளை ஒன்றுக்குள் நாங்கள் வானம் செய்கிறோம்.
காற்றை உறிஞ்சி, மிச்சத்தைக் குளிரவைத்து,
ஒரு ஜெட் எஞ்சினை அதில் கட்டிப்போட்டு
பறப்பதாக நம்பவைக்கிறோம்.
நம்பிவிடும்.
பகலில் கரண்ட் விலை அதிகம்;
எங்கள் வானம் இரவில்தான் திறக்கும்.

டெண்டர் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை.
குறைந்த விலையா, கூடுதல் தரமா என்று
எங்கோ ஒரு மேசையில் தராசு ஆடும்போது
இங்கே ரோஸ்கோ டில்மன்
டிரக் வாங்குவதைத் தள்ளிப்போடுவான்.
வெல்மா ஹேகட் பல் டாக்டரிடம் போய்
பழைய காப்பீடு முடிவதற்குள்
அடைக்க முடிந்ததையெல்லாம் அடைத்துக்கொள்வாள்.
பிறகு தோற்ற கம்பெனி ஆட்சேபம் போடும்,
நூறு நாள் நீட்டிப்பு.
ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இது நாலாவது நிறம்.
பழைய கள், புதிய மொந்தை என்பார்கள்.
நாங்கள்தான் கள்.
வட்டியில்லாத கைமாற்று.

கைமாறும் முன் எல்லாவற்றையும் எண்ண வேண்டும்.
அரசாங்கச் சொத்து: ஸ்பானர், ஏணி, தீயணைப்பான்,
கால் உடைந்த நாற்காலி.
கெண்ட்ரா என்றொரு பெண் ஸ்கேனரோடு வந்தாள்,
சீர்வரிசைப் பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கிற சம்பந்தியம்மா மாதிரி
ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தாள்.
பதினான்காம் வால்வுக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில்,
கொக்கி.
யாரோ எப்போதோ வேலி இரும்பை வளைத்துச் செய்தது.
அந்த வால்வு முக்கால்வாசியில் மாட்டிக்கொள்ளும்.
கொக்கியைக் கொடுத்து இடப்பக்கம் ஓர் இழுப்பு.
கையேட்டில் கிடையாது.
ஒப்பந்தத்தின் எழுநூறு பக்கத்திலும் கிடையாது.

"இது யாருடையது?"
ரோஸ்கோ என்னைப் பார்த்தான். நான் வெல்மாவைப் பார்த்தேன்.
'கண்டெடுத்த பொருள்' என்று எழுதி
பார்கோடு ஒட்டினாள் கெண்ட்ரா.
எண் விழுந்த கருவி எதுவானாலும்
வருஷத்துக்கொருமுறை அளவுச் சோதனைக்குப் போக வேண்டும்.
கொக்கி போனது,
பஞ்சு வைத்த பெட்டியில் படுத்துக்கொண்டு
ஒஹையோவுக்கு.

சாம்பல் சட்டையின் முதல் இரவு.
மேனேஜர் கேக் வெட்டினார்.
ஆளுக்கொரு குடை, கம்பெனி முத்திரையோடு.
இரண்டே காலுக்கு எஞ்சின் நாற்பதாயிரம் அடியில் இருக்கையில்
பதினான்கு மாட்டிக்கொண்டது.
திரையில் வானம் இறங்கத் தொடங்கியது:
முப்பத்தொன்பது. முப்பத்தேழரை.
வெல்மா ஓடினாள்.
ஆணி இருந்தது.
ஆணி மட்டும்.

ரோஸ்கோ ஒன்றும் பேசவில்லை.
மேசையடியில் கிடந்த குடையை எடுத்து,
வளைந்த பிடியை நெம்புகோலில் மாட்டி,
இடப்பக்கம்.
துணி கிழிந்த சத்தம் எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை.
முப்பத்தெட்டு. நாற்பது.
கட்டுப்பாட்டு அறையிலிருந்து யாரோ கேட்டார்கள்,
"அங்கே என்ன ஆச்சு?"
"ஒன்றுமில்லை" என்றேன்.
அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் சுற்றிப் பார்க்க வந்த மேனேஜர்
ஆணியில் குடை தொங்குவதைக் கண்டு
நெகிழ்ந்துபோய்ப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்துக் கொக்கி திரும்பியது, சான்றிதழோடு.
நீளம்: சரி.
வளைவு: ஒப்பிட மாதிரி இல்லை.
பயன்: தெரியவில்லை.
இப்போது பூட்டிய அலமாரியில் இருக்கிறது,
எடுக்க இரண்டு கையெழுத்து.

குடையை நாங்கள் இன்னும் கழற்றவில்லை.