கண்ணளவு

வியாழக்கிழமை எடை நாள்.
ஆளை நாற்காலியோடு நிறுத்து
நாற்காலியைக் கழிக்க வேண்டும்.
பதினேழு கிலோ.
இந்த வீட்டில் இளைக்காதது
அது ஒன்றுதான் என்று
சில வாரங்களில் எனக்குத் தோன்றும்.

எலாதியோ பெந்தாங்கோர்
நாற்பது வருஷம் மாட்டுச் சந்தையில் ஏலம் கூவியவர்.
அந்தத் தொண்டையை அறியாத பண்ணைக்காரன்
உருகுவாயின் வடக்கே கிடையாது.
கம்பியடைப்புக்குள் காளை நுழையும்போது
ஒரே பார்வை.
"நானூற்றுப் பன்னிரண்டு" என்பார்.
தராசு அப்புறமாக வந்து ஒத்துக்கொள்ளும்.

ஏப்ரலில் மூளையில் ஒரு நாளம் அடைத்தது.
குரலில் கொஞ்சம் மிஞ்சியது, உமி மாதிரி.
விழுங்குவதுதான் மறந்துபோயிற்று.
நோயெலியா வந்து
அவர் கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள்.
"குரல்வளை தாமதமாக ஏறுகிறது" என்றாள்.
"புரையேறினால் இருமல்கூட வராது.
சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.
அதுதான் பயம்."

அன்றிலிருந்து தண்ணீரில் மாவு கலக்கிறோம்.
தண்ணீர் கரண்டியில் நிற்கிறது.
கடன் வாங்கி ஓடியவனைப் பார்ப்பதுபோல
அவர் அதைப் பார்க்கிறார்.
தட்டில் மூன்று குவியல்:
பழுப்பு, ஆரஞ்சு, இன்னொரு ஆரஞ்சு.
எது பூசணி என்று ஒருநாள் கேட்டார்.
எனக்கும் தெரியவில்லை.

நாலு மணிக்கு மாத்தே சுற்று.
ஒரே சுரைக்குடுவை, ஒரே உலோகக் குழல்,
கைமாறிக் கைமாறி அவரிடம் வரும்.
குடிக்கக் கூடாது.
வாங்குவார்.
சூட்டை உள்ளங்கையில் சற்று நிறுத்திவைத்து
அடுத்தவருக்குக் கொடுப்பார்.
வரிசையில் தன் இடத்தை மட்டும்
அவர் விடவில்லை.

நான் ஒன்று சொல்லியாக வேண்டும்.
பதினோரு வாய், என் இரண்டு கை, நாற்பது நிமிஷம்.
பாதித் தட்டை "முக்கால்" என்று எழுதியிருக்கிறேன்.
கால் தட்டையும்.

தெல்மிராவிடம் அந்தத் தொல்லை இல்லை.
தானே சாப்பிடுவார்.
உதட்டுச் சாயம், சிரிப்பு, காலித் தட்டு.
அவர் கட்டத்தில் எப்போதும் "முழுதும்".
எடை பார்க்கக் கூப்பிட்டால் முழங்கால் வலி.
சரி, அடுத்த மாதம்.
நன்றாகச் சாப்பிடுகிறவர்தானே.

போன வியாழன்
எலாதியோவை நாற்காலியில் ஏற்றினேன்.
எண் நிற்கும் முன்பே சொன்னார்:
"ஐம்பத்தொன்று."
ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு.
"இருநூறு கிராம் சட்டை" என்றார்.

பிறகு விரல் எழுந்தது.
மேசைக்கு அப்பால், தெல்மிராவை நோக்கி.
"முப்பத்தொன்பது."

சிரித்தேன்.
கோப்பில் நாற்பத்தாறு.
அவர் விரலை இறக்கவில்லை.

இரண்டு கம்பளிச் சட்டையோடு
தெல்மிரா முப்பத்தொன்பது புள்ளி நான்கு.
சட்டைப் பையில் காகிதக் கைக்குட்டை.
அதற்குள், மென்று மென்று
சக்கையாய்க் காய்ந்த கோழிக்கறி.
"இறங்கலை மகளே" என்றார்.
"உனக்கு ஏற்கெனவே வேலை ஜாஸ்தி."

உதட்டுச் சாயம்
பல்லில் கொஞ்சம் பட்டிருந்தது.
அதைத் துடைத்துவிட்டேன்.
வேறு என்ன செய்வதென்று
அந்த நிமிஷம் தெரியவில்லை.

இன்று மேசையில் இருவரும் எதிரெதிரே.
தெல்மிராவுக்கும் மூன்று குவியல்.
ஒரு கரண்டி. பொறு. விழுங்கு. மறுபடி விழுங்கு.
கழுத்தில் ஒன்றும் அசையவில்லை.
எலாதியோ முன்னால் சாய்ந்தார்.
உமிக் குரலில்
"ஒரு தரம்..." என்றார்.
காத்திருந்தார்.
"இரண்டு தரம்..."
தெல்மிராவின் தொண்டை ஏறி இறங்கியது.
உள்ளங்கையால் மேசையைத் தட்டினார்,
விலை படிந்துவிட்டது என்பதுபோல.

ஆறு கரண்டி அப்படிப் போனது.
ஏழாவதற்குத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பாதித் தட்டு மீதி.
பாதி என்றே எழுதினேன்.