வளைவு வரை

முதல் படத்தில் எனக்குப் பதினோரு விநாடி.
நீலப் பெட்டியோடு பேருந்தில் ஏறுவேன்,
ஊரைத் திரும்பிப் பார்க்கமாட்டேன்.
"பார்க்காதே, அதுதான் முக்கியம்" என்றார்கள்.
அப்போது பத்தொன்பது வயது.
பார்க்காமலிருப்பது சுலபமாக இருந்தது.

பேருந்து எங்கும் போகவில்லை.
யூகலிப்டஸ் வரிசை திரும்பும் வளைவில் நிற்கும்.
இறங்கி நடந்து வருவோம்,
மறுபடி ஏறுவோம்.
சான் எலாதியோவை விட்டு ஏழு முறை போனேன்.
ஏழு முறையும் பக்கத்து இருக்கையில் தார்தோ,
இறைச்சி ஆலையில் டின் மூடுகிறவன்,
இரவல் கோட்டு, அதில் கற்பூர உருண்டை வாசம்.
நான்காவது முறை பெயர் கேட்டான்.
எல்பியா, என்றேன்.
ஆறாவது முறை பெட்டியை அவனே தூக்கி வந்தான்.
காலிப் பெட்டிதான்.
இருந்தாலும் தூக்கினான்.

மிச்சத்தை யாரும் படம் பிடிக்கவில்லை:
இரண்டு பெண்கள்,
ஆலையின் சங்கு ஊதாமல் விடிந்த முதல் திங்கட்கிழமை,
மால்டொனாடோவில் அவனுக்குக் கட்டட வேலை.
வாராவாரம் வந்தான்,
பிறகு மாதாமாதம்,
பிறகு வக்கீல் கடிதம் வந்தது.

இப்போது இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள்.
பட்டியலோடு வந்த பிலார்
என் சின்ன மகளைவிட இளையவள்.
"முப்பத்து மூன்று வருடம் கழித்து
நீங்கள் ஊருக்குத் திரும்பி வருகிறீர்கள்" என்றாள்.
நான் போகவே இல்லையே, என்றேன்.
காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள்.
"படத்தின்படி போய்விட்டீர்கள்."

நகராட்சி போன மாதம்தான்
ஆலைச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது.
அதன்மேல் துரு பூசினார்கள்.
வாளி வாளியாகத் துரு,
தலைநகரிலிருந்து லாரியில் வந்தது.
ரொட்டிக்கடை வாஷிங்டன் கேட்டான்:
எங்களிடம் சொல்லியிருந்தால்
சும்மாவே கொடுத்திருப்போமே?

தார்தோ முடிக்கு மையடித்துக்கொண்டு வந்திருந்தான்.
ஒப்பனைக்காரி அரைமணி நேரம்
அதற்கு நரை தீட்டினாள்.

வளைவில், பேருந்துக்குள் காத்திருந்தோம்.
தெர்மோவைத் திறந்து மாத்தே ஊற்றினேன்.
என் முறை குடித்துவிட்டு அவனிடம் நீட்டினேன்;
கை தானாகப் போயிற்று.
பெண்களைப் பற்றிக் கேட்டான். முழங்காலைப் பற்றிக் கேட்டான்.
மூன்று சுரை குடித்த பிறகு
"நன்றி" என்றான்.
மாத்தேக்கு நன்றி சொன்னால்
எங்கள் பக்கத்தில் "இனி வேண்டாம்" என்று பொருள்.
அதை அவன் வாயால்
நேரில் கேட்டது அன்றைக்குத்தான்.
சுரையை வாங்கித் துடைத்து வைத்தேன்.

"பெட்டி கனக்கிறதே" என்றான் ஓட்டுநர்.
குளிர்காலப் போர்வைகளை எடுக்க மறந்திருந்தேன்.
இருக்கட்டும், என்றேன்.

"பல வருடம் காணாத ஊரைப் பார்ப்பதுபோல்"
என்றார் இயக்குநர். அவருக்கும் மூச்சு வாங்கியது.
முதல் முறை கண்ணை அகல விரித்தேன்,
வேண்டாமாம்.
அடுத்த முறை கொஞ்சம் அழுதேன்,
அதுவும் வேண்டாமாம்.
மூன்றாம் முறை கடைசிப் படியில்
முழங்கால் பிடித்துக்கொண்டது.
கம்பியைப் பற்றி நின்று
வலி போகட்டும் என்று நிமிர்ந்தேன்.

மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி இருந்தது.
பச்சைக் கதவு.
கொடியில் குழந்தைச் சட்டைகள், ஏழெட்டு,
ஒன்றில் கை மட்டும் மஞ்சள்.
எப்போது கட்டினார்கள் இதை?
மாதாமாதம் அந்தக் கடையில்தான்
இரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறேன்,
குனிந்து சில்லறை எண்ணி,
குனிந்தே வீட்டுக்கு.

"கட்! இதுதான், இதுதான்!" என்று கத்தினார்கள்.
யாரோ கை தட்டினார்கள்.
பெட்டியை வாங்கிக்கொள்ள பிலார் ஓடி வந்தாள்.
கொஞ்சம் இரு, என்றேன்.
மேலே யார் குடியிருக்கிறார்கள்,
உனக்குத் தெரியுமா?