மூன்றடி

டலூத் நகரம், கவுண்டி அலுவலகத்தின் அடித்தளம்.
வெளியே ஏரி உறைந்து கிடக்கிறது.
நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு
காலுறையோடு நிற்கிறோம், பதினோரு பேர்.
ரோலண்ட் கெட்டுனென் முன்னாள் சிறைக் காவலர்.
ஒரு முழங்கால் எஃகு.
அதைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவார்.

மூன்றடி தள்ளி நில்லுங்கள் என்கிறார்,
அளவுநாடாவை இழுத்துத் தரையில் வைக்கிறார்.
அடி என்றால் அளவு.
அடி என்றால் பாதம்.
மார்வெல்லாவின் இடப்புருவத்தில்
ஏழு தையலாக இருப்பதும் அடிதான்.

மணிக்கட்டைப் பிடித்தால் இழுக்காதீர்கள்,
கட்டைவிரல் பக்கம் திருகுங்கள்,
எந்தப் பிடிக்கும் அங்கேதான் பலவீனம்.
திருகினேன், வந்துவிட்டது.
கையை விடுவிக்க ஒரு நொடி போதும்.
கைவிடுவதற்குத்தான் படிவம் வேண்டும்,
மூன்று பிரதி.

மதியத்துக்குப் பிறகு நாடகம்.
சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது
'கோபத்தில் இருப்பவர்'.
சும்மா கத்தினால் போதும் என்றார் ரோலண்ட்.
வாயைத் திறந்தேன்.
'என் பிள்ளைக்கு ராத்திரி எந்தப் பக்கம் படுத்தால்
தூக்கம் வரும்னு தெரியுமாடி உனக்கு?'

அறை அமைதியாகிவிட்டது.
அது என்னுடைய வசனம் இல்லை.
ஒன்பது வருடத்துக்கு முன்
ஒரு டிரெய்லர் வீட்டின் படியில் நின்று
ஒருத்தி என்னிடம் கேட்டது.
அன்று மாலை அறிக்கையில் எழுதினேன்:
ஒத்துழைக்கவில்லை.

மார்வெல்லா எதிரே நின்றாள், கைகள் தெரியும்படி,
உடம்பைச் சற்றே சாய்த்து, குரலைத் தாழ்த்தி,
'நீ சொல்றது எனக்குக் கேட்குது' என்றாள்.
பாடம்தான் அது, பக்கம் பதினான்கு.
ஆனாலும் எனக்கு அழுகை வந்தது.
ரோலண்ட் கைதட்டச் சொன்னார்.

மறுநாள் கர்ட் ஹௌகன் வீடு.
காரை வெளியே பார்த்த மாதிரி நிறுத்தினேன்.
மப்ளர் இல்லை. கழுத்தில் எதுவும் இல்லை.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திமூன்று.
அவர் நாற்காலியை எடுத்துப்போய்
அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே போட்டு
தன்னைத் தானே அங்கே அடைத்துக்கொண்டார்.
இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார்.

கதவைச் சாத்தப் போனேன்.
'வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.
போன தடவை வந்தவங்க பயந்துட்டாங்க.'

எங்கே உட்கார வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும்,
அவருக்கும் யாரோ வகுப்பு எடுத்திருக்கிறார்கள்.
சான்றிதழ்தான் கொடுக்கவில்லை.

பூட்ஸைக் கழற்றக் கூடாது, ஓட முடியாது.
இந்த ஊரில் பூட்ஸோடு ஒரு வீட்டுக்குள் நிற்பது
என் அம்மாவுக்குத் தெரிந்தால் வெட்கப்படுவாள்.
பனி உருகி லினோலியத்தில் சிறு குளம்.
அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
ஐவிக்கு நாலு வயது.
கோட்டும் தொப்பியுமாகத் தரையில் உட்கார்ந்து
குதிரைக்கு ஊதா வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.
அவள் மூச்சு புகையாக வந்தது.

கேள்விகள் இருபது.
பதினோராவது:
குழந்தைக்கு வீட்டில் போதுமான வெப்பம் இருக்கிறதா?

கர்ட் கதவைப் பார்த்தார்.
பிறகு என்னை.
உள்ளங்கைகள் அசையவில்லை.

எழுந்து போய்ச் சாத்தினேன்.
தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில்
நாங்கள் இரண்டு பேருமே திடுக்கிட்டோம்.
ஐவி மட்டும் நிமிராமல்
'இப்பத்தான் நல்லா இருக்கு' என்றாள், குதிரையிடம்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
அந்த மேசை இரண்டரை அடிக்குமேல் இருக்காது.
மிச்சம் ஒன்பது கேள்வியும் கேட்டேன்,
இடக்கையால் கோப்பையைப் பிடித்து
அவர் ஊற்றிய காப்பியும் குடித்தேன்.

காரில் ஏறிய பிறகுதான் விரித்துப் பார்த்தேன்.
வலது உள்ளங்கையில்
சாவியின் பல்வரிசை.